ஒரே ஆள், ஒரே கணினி, ஒரு காலையில் ஆறு பாஸ்வேர்டு: இதற்கு ஒரு முடிவு உண்டா?

நெல்லைச்சீமை | சனி, காலை 9.10

பொங்கல் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் காலை அப்பா மடிக்கணினியில் வேலை பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கவனித்தேன். விண்டோஸைத் தாங்காத பழைய கணினி. இரண்டு வருடம் முன்பு நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்த வகை) என்று சொல்லமாட்டேன், அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

பொத்தானை அமுக்கியதும் வட்டைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு (திருடு போனால் என்ன செய்வது என்று நான்தான் என்கிரிப்ட் செய்தேன்). அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று தானாக லாகின் ஆகும்படி வைத்திருந்தேன், அதனால் அங்கே கேட்கவில்லை. குரோமியம் பிரவுசரைத் திறந்தார், "கீரிங் திறக்கப்படவில்லை" என்று ஒரு பெட்டி. பழைய பாட்டுகள் இருக்கும் டி பார்ட்டிஷனைச் சொடுக்கினார், இன்னொரு பெட்டி. அப்டேட் வந்தது, பெட்டி. புதிதாக வாங்கிய பிரின்டரைச் சேர்க்க நான் முயன்றேன், பெட்டி. நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடியது, டைம்சோனைச் சரிசெய்ய இன்னொன்று. மொத்தம் ஆறு.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரைக்குப் பக்கத்தில் காலண்டர் தாளின் பின்புறத்தில் பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். அதுவும் ஐந்தே எழுத்து. "நாளைக்கு ஆறு தடவை அடிக்கணும்னா இதுக்கு மேல நீளமா வைக்க முடியுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பாதுகாப்புக்காக வைத்த ஆறு பூட்டுக்கும் சாவி வாசலிலேயே தொங்குகிறது.

என்ன செய்யலாம்?

ரூட்ராஜா | சனி, காலை 9.31

ஒன்றும் செய்ய வேண்டாம். லினக்ஸ் பாதுகாப்பாக இருப்பதே இப்படிக் கேட்பதால்தான். கேட்காமல் எல்லாம் நடக்க வேண்டும் என்றால் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கவே இருக்கிறது. அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், பழகிவிடும்.

பழையபென்டியம் | சனி, காலை 10.05

ராஜா சார், பழகிவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெட்டி வந்தால் படிக்காமல் அடித்துவிட அவர் ஏற்கெனவே பழகிவிட்டார். நாளை ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அதே மாதிரி பெட்டி போட்டுக் கேட்டாலும் அடித்துவிடுவார்.

நெல்லைச்சீமை, நீங்கள் பார்த்த ஆறையும் ஒரே ஆள் கேட்கவில்லை. பார்க்க ஒன்று போல இருந்தாலும் கேட்டவர்கள் மூன்று பேர்.

முதலாவது, கணினி கிளம்பும்போதே கேட்கும் லக்ஸ், வட்டைத் திறக்கிற சாவி. அதை விட்டுவிடுங்கள், அது நியாயமான கேள்வி.

இரண்டாவது கீரிங். உங்கள் பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைத்திருக்கும் பெட்டி அது. குரோமியம் தான் சேமித்ததைப் பூட்டும் சாவியை அதில்தான் வைக்கிறது. லாகினில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை வைத்தே பாம் என்ற அடையாளச் சோதனை அடுக்கு கீரிங்கையும் சத்தமில்லாமல் திறந்துவிடும். நீங்கள் ஆட்டோ லாகின் வைத்துவிட்டீர்கள், யாரும் எதுவும் அடிக்கவில்லை, அதனால் அதைத் திறக்க கையில் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஒரு பாஸ்வேர்டு மிச்சம் பிடிக்கப் போய் அதே பாஸ்வேர்டை இரண்டு நிமிடம் கழித்துக் கேட்க வைத்திருக்கிறீர்கள். கைரேகையால் லாகின் ஆகிறவர்களுக்கும் இதே கதைதான். ரேகையை வைத்து கீரிங்கைத் திறக்க முடியாது.

மூன்றாவது போல்கிட். கணினியின் பொது அமைப்பைத் தொடும் வேலைக்கு உங்களுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிற காவலாளி அது. டி பார்ட்டிஷன், அப்டேட், பிரின்டர், டைம்சோன் நான்கையும் கேட்டது அதுவாகத்தான் இருக்கும். டெர்மினலில் ஒரு கட்டளையை ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகியாக) ஓட்டும்போது கேட்கும் சுடோ இதில் சேராது, அது தனி.

கீரிங்குக்கு எளிய வழி: ஆட்டோ லாகினை எடுத்துவிடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் "பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்" செயலியில் லாகின் கீரிங்கின் பாஸ்வேர்டை வெறுமையாக்குங்கள். அப்போது உள்ளே இருப்பது பூட்டில்லாமல் வட்டில் கிடக்கும் என்று எச்சரிக்கும். உங்கள் வட்டே என்கிரிப்ட் ஆனது, ஆகவே அணைத்து வைத்த கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. என்கிரிப்ட் செய்யாத கணினியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

நெல்லைச்சீமை | சனி, காலை 10.22

அட! ஆட்டோ லாகின்தான் காரணமா? இரண்டு வருடமாகக் குரோமியத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். டி பார்ட்டிஷன் மட்டும் ஏன் கேட்கிறது? பென் டிரைவ் செருகினால் கேட்பதில்லையே?

லேப்_அண்ணாச்சி | சனி, காலை 11.40

அதற்கு நான் சொல்கிறேன் தம்பி. கல்லூரி ஒன்றில் லேப் பார்க்கிறேன், இது எனக்குத் தினப்படி.

வட்டுகளை மவுன்ட் செய்வது, அதாவது திறந்து பயன்படுத்தத் தருவது, யுடிஸ்க்ஸ். கழற்றி மாட்டுகிற சாதனம் என்றால் செருகினவருக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டு கேட்காமல் திறக்கிறது. கணினிக்குள் திருகி வைத்த வட்டு என்றால் "இது எல்லாருக்கும் பொது, நிர்வாகி சொல்லட்டும்" என்கிறது. இரண்டுக்கும் தனித்தனி அனுமதிப் பெயர். பலர் உட்காரும் கணினியில் இது சரியான யோசனை. உங்கள் அப்பா ஒருவரே உட்காரும் கணினியில் அர்த்தமில்லை.

டிஸ்க்ஸ் செயலியில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்து, மவுன்ட் ஆப்ஷன்ஸில் கணினி கிளம்பும்போதே மவுன்ட் ஆகும்படி போட்டுவிடுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேரும், அதற்குப் பிறகு கேட்காது. பிரின்டருக்கு, டெபியன் உபுண்டு வழி வந்ததாக இருந்தால் எல்பிஅட்மின் என்று ஒரு குழு உண்டு, அதில் அப்பாவின் கணக்கைச் சேருங்கள். பாதுகாப்பு அப்டேட்டை அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸிடம் விட்டுவிட்டால் தானாகப் போட்டுக்கொள்ளும், பெட்டியே வராது. டைம்சோன் ஒரு தடவை சரிசெய்தால் போதும், அதை விடுங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடியது பழைய விண்டோஸ் யுடிசி சண்டையாகவும் இருக்கலாம் (கணினிக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றும் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரம் என்றும் எடுத்துக்கொள்ளும்). இரண்டு இயங்குதளமும் அதே கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரூட்ராஜா | சனி, நண்பகல் 12.15

எல்லாவற்றையும் திறந்துவிட்டு "லினக்ஸில் வைரஸ் வராது" என்று பெருமை வேறு பேசுவோம். சுடோ ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ் இயந்திரத்துக்காக எழுதியது. 40 வருடத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடித்த ஒரு முறையைக் காலண்டர் தாளுக்காக மாற்ற வேண்டுமா?

பழையபென்டியம் | சனி, நண்பகல் 12.50

நீங்கள் சொன்ன வாக்ஸிலேயே பதில் இருக்கிறது சார். ஒரு இயந்திரம், பல பேர், எல்லாருக்கும் ரூட் பாஸ்வேர்டு கொடுக்க முடியாது. அங்கே பிறந்த கேள்வி "நீ யார், உனக்கு இந்தப் பொது இயந்திரத்தைத் தொட உரிமை உண்டா" என்பது. இங்கே பொது இயந்திரமும் இல்லை, பல பேரும் இல்லை. அப்பாவின் வங்கி லாகின், மின்னஞ்சல், பேரன் புகைப்படம் எல்லாம் அவருடைய ஹோம் கோப்புறையில், அவருடைய பிரவுசரில். அவற்றை எடுக்க நினைக்கும் நிரலுக்கு ரூட்டே வேண்டாம், அப்பாவின் கணக்கில் ஓடினால் போதும், ஒரு பெட்டியும் தடுக்காது. டைம்சோனை மாற்ற மட்டும் அடையாளம் கேட்கிறோம். வீட்டில் நகையை மேசை மேல் வைத்துவிட்டு சுவர்க் கடிகாரத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. பிப்ரவரி 2012இல் லினஸ் டோர்வால்ட்ஸே கூகுள் பிளஸ்ஸில் வெடித்தார். மேக்புக் ஏரில் ஓப்பன்சூசே என்ற டிஸ்ட்ரோவைப் போட்டுப் பார்த்தார். டைம்சோன் மாற்ற ரூட் பாஸ்வேர்டு, புது வைஃபையில் சேர ரூட் பாஸ்வேர்டு. கடைசியில் அவர் மகள் பள்ளியிலிருந்து போன் செய்தார்: அங்கிருக்கும் பிரின்டரைச் சேர்க்க முடியவில்லை, ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது. லினக்ஸை எழுதியவர் வீட்டிலேயே இந்த நிலை. அவர் எழுதின சொற்களை இங்கே போட முடியாது, மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார்.

கொசுறாக ஒன்று: பிரின்டர் அனுமதிகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தருகிற கப்ஸ்-பிகே-ஹெல்ப்பரின் அனுமதிப் பெயர்கள் எல்லாவற்றிலும் ஓப்பன்சூசே என்ற பெயர்தான் இருக்கும். கருவியைச் செய்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்களே. எதை இயல்புநிலையாக வைப்பது என்பதில்தான் வழுக்கினார்கள்.

லேப்_அண்ணாச்சி | சனி, மாலை 4.20

பென்டியம், நீங்கள் சொல்வது வீட்டுக்குச் சரி. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 2009, ஃபெடோரா 12 டிஸ்ட்ரோ. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பயனர், ரூட் பாஸ்வேர்டு இல்லாமலே மென்பொருள் நிறுவலாம் என்று பேக்கேஜ்கிட் என்ற நிறுவல் கருவியில் மாற்றிவிட்டார்கள். கண்டதையும் நிறுவ முடியாது, ஃபெடோராவின் களஞ்சியத்தில் கையொப்பமிட்ட பொதிகள் மட்டும். உங்கள் வாதப்படி பார்த்தால் வீட்டுக்காரருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் யாருக்கும் முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. லேப்களை, அலுவலகங்களைப் பார்க்கிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே பின்வாங்கி, பழையபடி ரூட் பாஸ்வேர்டு கேட்கும் அப்டேட்டை விட்டார்கள்.

நானும் கொதித்திருப்பேன். 40 கணினி, ஒவ்வொன்றிலும் நாளைக்கு எட்டு மாணவர். கையொப்பமிட்ட பொதியாகவே இருக்கட்டும், ஒவ்வொருவனும் ஒரு விளையாட்டு நிறுவினால் வாரக் கடைசியில் வட்டு நிரம்பிவிடும்.

அதே சமயம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் லேபிலும் மாணவர்கள் வைஃபை மாற்ற, பிரின்டர் சேர்க்க என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போல்கிட் விதி ஒன்று எழுதினேன்: இந்தச் செயல், இந்தக் குழுவில் இருப்பவர், இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்றால் சரி என்று விடு. எட்ஸி கோப்புறைக்குள் போல்கிட்-1, அதற்குள் ரூல்ஸ்.டி என்ற இடத்தில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. அவ்வளவுதான். பாஸ்வேர்டே கேட்காத சுடோ வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஒரு சன்னலைத் திறக்க வீட்டையே இடிப்பது அது.

இணையத்தில் பழைய குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் கவனிக்க: டெபியன் வழியில் நெடுங்காலம் போல்கிட்டின் 0.105 பதிப்பிலேயே நின்றிருந்தார்கள், அதில் விதி எழுதும் முறை வேறு, கோப்பின் வால் பிகேஎல்ஏ. 2023இல் வந்த டெபியன் 12இல்தான் ஜாவாஸ்கிரிப்ட் முறை வந்தது. பழைய கோப்பை அப்படியே போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று புலம்பாதீர்கள். வேண்டுமானால் போல்கிட்டி-பிகேஎல்ஏ என்ற பொதியை நிறுவிக்கொள்ளலாம்.

சொல்லாக்கம் | சனி, இரவு 8.45

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், தமிழில் தட்டச்சு செய்கிறவர்களின் தலைவலியை யாரும் சொல்லவில்லையே.

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்கிறேன், அதனால் நாள் முழுக்கத் தமிழ் விசைப்பலகைதான். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 வைத்திருந்தால் பாஸ்வேர்டு பெட்டியில் பெரும்பாலும் அது ஒதுங்கிக்கொள்ளும். நான் வைத்திருப்பது விசைப்பலகையையே தமிழாக்கிவிடும் எக்ஸ்கேபி தளவமைப்பு. அதில் பெட்டிக்குள் விழுவதும் தமிழ் எழுத்தே. தெரிவது என்னவோ கறுப்புப் புள்ளிகள். சரியாகத்தான் அடித்தேன், தவறு என்கிறது. மறுபடி அடித்தேன், தவறு. டெர்மினலில் இன்னும் மோசம், சுடோ புள்ளிகூடக் காட்டாது. முதன்முதலாக லினக்ஸ் பார்க்க வந்த என் தங்கை விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே நினைத்தாள்.

மூன்றாவது முறையும் தவறினால் கதை முடிந்தது. பாம் அடுக்கில் ஃபெயில்லாக் என்று ஒன்று உண்டு. அதன் இயல்புநிலையில் 15 நிமிடத்துக்குள் மூன்று தவறு என்றால் 10 நிமிடம் பூட்டு. அதற்குள் சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் ஏற்காது, சில அமைப்புகளில் பூட்டியிருக்கிறேன் என்றும் சொல்லாது. ஒரு முறை நான் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று நம்பி, ரெஸ்க்யூ மோடில் (பழுதுபார்க்கும் நிலையில்) போய் மாற்றியே விட்டேன். ரூட்டாக மாற்றினால் கீரிங்குக்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும் என்பதை அடுத்த நாள் கற்றுக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளராக ஒரு குறை. அந்தப் பெட்டியின் வாசகங்களைத் தமிழில் எழுதும்போதெல்லாம் திணறுகிறேன். "இன்னதைச் செய்ய அடையாளம் காட்ட வேண்டும்" என்று இருக்கும். எந்த நிரல் கேட்கிறது என்பது பெரும்பாலும் அந்த வாக்கியத்தில் இருக்காது. போல்கிட்டின் பிகேஎக்ஸெக் கட்டளை வழியாக வந்தால் மட்டும் நிரலின் பாதை தெரியும். கேட்கிறவன் பெயரே இல்லாத கேள்வியை எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் படிக்கிறவருக்கு என்ன பயன்? நெல்லைச்சீமையின் அப்பா படிக்காமல் அடிக்கிறார் என்றால், அதில் படிக்க ஒன்றுமில்லை என்பதும் ஒரு காரணம்.

நெல்லைச்சீமை | சனி, இரவு 9.02

அக்கா, பத்து நிமிடப் பூட்டு எனக்கும் நடந்திருக்கிறது! ஏதோ ஹேக் ஆகிவிட்டது என்று பயந்து வைஃபையைப் பிடுங்கிப் போட்டேன்.

சுடோவில் நட்சத்திரம் காட்ட வழி உண்டுதானே?

ரூட்ராஜா | ஞாயிறு, காலை 7.30

உண்டு. சுடோவின் அமைப்பைத் திருத்தும் விசுடோவில் பிடபிள்யூஃபீட்பேக் என்று ஒரு வரி. லினக்ஸ் மின்ட்டிலும் எலிமென்டரியிலும் இயல்பாகவே போட்டு வைத்திருந்தார்கள். 2020 தொடக்கத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? அந்த நட்சத்திரம் காட்டுகிற நிரல்வரியிலேயே நினைவக வழிதல் ஓட்டை, பட்டியல் எண் சிவிஇ-2019-18634. சுடோ 1.8.31இல் அடைத்தார்கள். வசதி கேட்டுப் போன இடத்தில் ஓட்டை. இதைத்தான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழையபென்டியம் | ஞாயிறு, காலை 8.10

சார், ஓட்டை நிரல் எழுதியதில் இருந்தது, நட்சத்திரத்தில் இல்லை. அந்தக் கணக்குப்படி போனால் போல்கிட்டையே தூக்கிப் போட வேண்டும். ஜனவரி 2022இல் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பிவ்ன்கிட் ஓட்டை நினைவிருக்கிறதா? ஓட்டை பிகேஎக்ஸெக்கில், மே 2009இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே. யார் நீ என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்ட காவலாளியின் முதுகுக்குப் பின்னால் 12 வருடத்துக்கு மேல் கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியாகப் போனவனிடம் ஒரு பாஸ்வேர்டும் கேட்டிருக்காது. அப்பாக்களிடம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சுடோவைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. அது ஒரு முறை கேட்டால் சிறிது நேரம் நினைவில் வைக்கும்: மூல நிரலில் 5 நிமிடம், டெபியன் உபுண்டுவில் 15. வேறு டெர்மினல் திறந்தால் மறுபடி கேட்கும். போல்கிட்டிலும் நினைவில் வைக்கும் வகை இருக்கிறது, சில நிமிடங்களுக்கு. ஆனால் அந்த அனுமதி கேட்ட நிரலுக்கும் கேட்ட செயலுக்கும் மட்டுமே. செயலியை மூடித் திறந்தால் போச்சு. ஒரே வேலைக்குள் நான்கு வகைச் செயல் இருந்தால் நான்கு பெட்டி வரவும் வாய்ப்புண்டு. சுடோவில் பழகியவர்களுக்குப் போல்கிட் மறதிக்காரன் போலத் தெரிவது இதனால்தான்.

திருத்த முடியாதது ஒன்றும் இல்லை. டிசம்பர் 2022இல் வந்த மின்ட் 21.1இல் இதையே ஒரு வேலையாக எடுத்துச் செய்தார்கள். ஃபிளாட்பேக் வடிவில் நிறுவிய செயலியை நீக்கப் பாஸ்வேர்டு வேண்டாம், வெறும் குறுக்குவழியை நீக்கவும் வேண்டாம். மென்பொருள் நிறுவும் சினாப்டிக்கும் அப்டேட் மேனேஜரும் ஒரு முறை கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, "இது யாரிடமிருந்து யாரைக் காக்கிறது" என்று கேட்டிருக்கிறார்கள்.

கொங்கு_கேடிஇ | ஞாயிறு, காலை 9.55

இடையில் ஒரு சந்தேகம். நான் கேடிஇயின் பிளாஸ்மா டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன், அதன் கீரிங்கான கேவாலட் தினமும் கேட்கிறது. ஆட்டோ லாகின் எல்லாம் இல்லை.

பழையபென்டியம் | ஞாயிறு, காலை 10.12

வாலட்டை உருவாக்கும்போது ஜிபிஜி என்ற பூட்டு வகையைத் தேர்ந்திருப்பீர்கள். லாகினோடு தானாகத் திறக்க வேண்டுமென்றால் ப்ளோஃபிஷ் வகையாக இருக்க வேண்டும், வாலட்டின் பெயர் கேடிஇவாலட் என்றே இருக்க வேண்டும், அதன் பாஸ்வேர்டும் லாகின் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கேவாலட்-பாம் பொதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொங்கு_கேடிஇ | ஞாயிறு, காலை 10.40

ஜிபிஜிதான்ங்க. மாற்றிவிட்டேன், கேட்கவில்லை. நன்றிங்க.

நெல்லைச்சீமை | ஞாயிறு, இரவு 9.20

இன்று அப்பாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு எல்லாம் செய்தேன். முதலில் எக்ஸ்ஆர்டிபி என்ற தொலைத்திரைக் கருவி வழியாக இங்கிருந்தே நுழைந்து முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நுழைந்ததும் "வண்ண மேலாண்மைச் சாதனம் உருவாக்க அனுமதி வேண்டும்" என்று ஒரு பெட்டி! வண்ணம் யார் கேட்டார்கள்?

லேப்_அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 9.41

அது பிரபலமான பெட்டி தம்பி. ஒவ்வொரு செயலுக்கும் போல்கிட் மூன்று பதில் வைத்திருக்கும்: இயந்திரத்தின் முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, உள்ளூரிலேயே இருந்தாலும் வேறொருவர் திரையைப் பிடித்திருக்கும்போது ஒன்று, மற்ற யாருக்கும் ஒன்று. முன்னால் இருப்பவருக்குக் கேட்காமல் நடப்பது தொலைவிலிருந்து வந்தவருக்கு நடக்காது. திரையின் வண்ணத்தைப் பார்க்கிற கலர்டி உங்களைத் தூரத்து ஆள் என்று பிடித்துக்கொண்டது. ரத்து செய்தாலும் ஒன்றும் கெடாது.

நெல்லைச்சீமை | ஞாயிறு, இரவு 10.03

ரத்து செய்துவிட்டு அப்பாவையே சொடுக்கச் சொன்னேன். கணக்கு இது: வட்டுக்கு ஒன்று, அப்படியே இருக்கட்டும். ஆட்டோ லாகினை எடுக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் கீரிங்கை வெறுமையாக்கினோம். டி பார்ட்டிஷன் தானாக மவுன்ட் ஆகிறது. பிரின்டருக்குக் குழுவில் சேர்த்தாயிற்று. பாதுகாப்பு அப்டேட் தானாக. நேரம் தள்ளி ஓடியதற்கு அண்ணாச்சி சொன்ன அதே விண்டோஸ் சண்டைதான் காரணம், ஓரத்தில் அந்தப் பழைய விண்டோஸ் இன்னும் இருக்கிறது. மற்ற நிறுவல்களுக்கு இன்னும் கேட்கும், கேட்கட்டும்.

ஒரு பாஸ்வேர்டுதானே, நீளமாக வைக்கலாமா என்றேன். நான்கு சொல் சேர்த்து அவரே ஒன்று வைத்தார், வட்டுக்கும் கணக்குக்கும். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இரவு மறுபடி போன். "பாட்டு கேட்டேன், பேங்க் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல. ஏதும் கெட்டுப் போச்சா?"

ரூட்ராஜா | ஞாயிறு, இரவு 10.30

நான்கு சொல் நல்ல பாஸ்வேர்டுதான். அதில் மட்டும் அப்பாவுக்கு என் வாழ்த்து. கீரிங் வெறுமையானது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அந்தக் காலண்டர் தாளையாவது கிழித்தாயிற்றா?

நெல்லைச்சீமை | ஞாயிறு, இரவு 10.34

இல்லை சார். அதில் கேஸ் புக்கிங் எண்ணும் இருக்கிறதாம்.